மாமா பேசி முடித்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம்

கேள்வி: சார், வணக்கம். ஓசூரில் ஆசிரியையாக இருக்கிறேன். காரைக்குடி பக்கம் கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் இடையில் ஒரு ஊரில் அம்மா வழியில் எனக்கு 22 செண்டு இடம் வந்திருக்கிறது. இருபது வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காததால் சீமைக் கருவேல் காடாகிவிட்டது. உள்ளே தாத்தா காலத்து வீட்டின் இடிந்த சுவர், ஒரு கிணறு, இரண்டு பனை, ஒரு பெரிய புற்று இருக்கின்றன. இடம் ரோட்டைவிட இரண்டடி பள்ளம். வடக்கு ஓரத்தில் காய்ந்த வாய்க்கால் ஒன்று ஓடுகிறது, அதை மூடிவிடலாம் என்கிறார்கள். 1,350 சதுர அடி வீட்டுக்கு 38 லட்சம் திட்டம், பாதிக்கு மேல் பேங்க் கடன். சுத்தம் செய்து மட்டப்படுத்த ஊரில் இருக்கும் மாமா தனக்குத் தெரிந்த கான்ட்ராக்டரிடம் 1,40,000 என்று பேசி முடித்திருக்கிறார். இது சரியான தொகையா? வீட்டு வேலை தொடங்கும் முன் இதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? வைகாசியில் பூமி பூஜை வைத்திருக்கிறோம்.

பதில்:

வணக்கம்மா. எதற்கு என்று எழுதாத தொகையைச் சரி என்றும் சொல்ல முடியாது, தப்பு என்றும் சொல்ல முடியாது. "சுத்தம் பண்ணி மட்டம் தட்டித் தர்றது" என்று வாய்வார்த்தையில் முடித்திருப்பார்கள். அதில் முள்ளை வெட்டுவது மட்டும்தானா, தூரைப் பிடுங்குவதும் உண்டா, பழைய சுவர் யார் கணக்கு, பள்ளத்துக்கு மண் அடிப்பது சேர்ந்ததா சேராததா? வெறும் முள்ளும் சுவரும்தான் என்றால் 1,40,000 என்பது நான் போடும் கணக்குக்கு நாலு மடங்குக்கும் மேல். 22 செண்டுக்கும் இரண்டடி மண் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் பாதி வேலைகூட நடக்காது. அப்புறம் எங்கேயோ இடித்த வீட்டின் காரைத் துண்டும் பாலித்தீனும் கலந்த மண் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கும், மேலே நாலு லோடு செம்மண்ணைத் தூவிவிட்டால் ஓசூரிலிருந்து வந்து பார்க்கிற உங்கள் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருக்கும்.

மாமாவைக் குறை சொல்லவில்லை. ஊரில் இருந்துகொண்டு அலைகிறவர் அவர்தான். ஆனால் மொத்தமாகப் பேசியதை உடைத்து, தனித்தனி வேலையாக, தனித்தனி அளவோடு எழுதி வாங்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வர வேண்டியது ஜேசிபி இல்லை, சர்வேயர். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டாகவோ இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றி, உங்கள் பங்குக்குத் தனி உட்பிரிவு எண் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) ஆன்லைனிலேயே எடுக்கலாம், எல்லை காட்டச் சொல்லி நில அளவைக்கும் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் போட்டுத் தருவார்கள். இடம் நத்தமா (குடியிருப்பு நிலம்) புன்செய்யா (மானாவாரி விவசாய நிலம்) என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். புன்செய் என்றால் கட்டட அனுமதிக்கு முன்னால் வேறு சில படிகள் ஏற வேண்டிவரும், வைகாசிக்குள் அது முடியுமா என்பது தனிக் கதை.

முள்காட்டுக்குள் சர்வேயர் எப்படி அளப்பார் என்று கேட்பீர்கள். ஓரம் சுற்றி மூன்றடி அகலத்துக்கு ஆள் வைத்து வெட்டி வழி விட்டால் போதும், சங்கிலி போகும். மிஷினை அதற்கு முன்னால் உள்ளே விடாதீர்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தேவகோட்டைப் பக்கம் ஒரு வேலையில் நான் டீ குடிக்கப் போன இருபது நிமிஷத்தில் டிரைவர் தென்கிழக்கு மூலை எல்லைக் கல்லை வேரோடு வேராக வாரிக் குவியலில் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை, கல்லுக்கு ஒரு கொடி கட்டி வைக்கத் தோன்றாதது என் தப்பு. பக்கத்து மனைக்காரர் அதுவரை முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தவர், அன்றைக்குச் சாயங்காலமே ஒன்றரை அடி உள்ளே வந்துவிட்டீர்கள் என்றார். மறுபடி அளந்து கல் ஊன்றி முடிக்க ஆறு மாதம், வீட்டுக்காரருக்கு ஆறு மாத வாடகை. அதிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்து, பக்கத்தில் ஒரு கழியில் சிவப்புத் துணி கட்டி, போட்டோ எடுத்த பிறகுதான் மிஷினுக்கே போன் போடுவேன்.

சரி, முள்ளுக்கு வருவோம். சீமைக் கருவேலை அகற்ற நீங்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் அதற்குக் காசு கொடுக்கிறவர் இருக்கிறாரா என்று பாருங்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களும் விறகு வியாபாரிகளும் இந்தக் கட்டையைத் தேடித்தான் அலைகிறார்கள். இருபது வருஷக் காடு என்றால் தொடைப் பருமனில் கட்டை இருக்கும், அவர்களே ஆளை விட்டு வெட்டி, வண்டி வைத்து ஏற்றி, உங்கள் கையில் கொஞ்சம் கொடுத்துவிட்டும் போவார்கள். பெரிய தொகையாக இருக்காது, ஆனால் வெட்டுக்கூலி மிச்சம். நீதிமன்றமே அகற்றச் சொல்லி உத்தரவு போட்ட மரம், யாரும் வந்து மறிக்க மாட்டார்கள். மாமா பேசிய கான்ட்ராக்டர் உங்களிடம் வெட்டுக்கூலி வாங்கிக்கொண்டு, அதே கட்டையை விறகுக் கடையில் எடை போட்டு விற்பார். தப்பென்று சொல்லவில்லை, கணக்கில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விறகுக்காரர் தரையோடு அறுத்துக்கொண்டு போய்விடுவார், தூர் அப்படியே இருக்கும். அந்தத் தூர்தான் சனியன். மண்ணுக்குள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழம் வரைக்கும் அதன் கழுத்தில் மொட்டு இருக்கிறது, மேலே எத்தனை முறை வெட்டினாலும் ஒரு கோடைமழை விழுந்ததும் பத்துக் கிளையாகக் கிளம்பும். ஆகவே விறகு போன பிறகு ஜேசிபியை விட்டு, பின்பக்கக் கையால் குறைந்தது ஒரு அடி ஆழத்துக்குக் கிளறித் தூரோடு பிடுங்க வேண்டும். முன்பக்க வாளியால் தள்ளிக்கொண்டு போனால் பார்க்க வேகமாக இருக்கும், ஆனால் தூர் ஒடிந்து உள்ளேயே நிற்கும், நல்ல மேல்மண் முள்ளோடு சேர்ந்து ஓரத்துக்குப் போய்விடும். டிரைவரிடம் இதை முதல் மணிநேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். வீடு வரும் இடத்தில் பிடுங்கின குழிகளைக் கண்டபடி மூடாமல், வேர்த்துண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அரை அடி அரை அடியாக மண் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து மூடச் சொல்லுங்கள். உள்ளே கிடக்கிற வேர் மக்கினால் பொந்து விழும், கரையானுக்கும் அது விருந்து.

மிச்சம் கிடக்கும் சிறு முள்ளைக் கொளுத்த வேண்டாம். மேலே கரண்டு கம்பி போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, போனாலும் போகாவிட்டாலும் சித்திரைக் காற்றில் தீ யார் பேச்சையும் கேட்காது. எல்லையோரமாகத் தள்ளி வேலிமுள்ளாக அடுக்கிவிட்டால் வீட்டு வேலை முடியும் வரை ஆடு மாடு உள்ளே வராது. ஆடு வராமல் இருப்பது இந்த மரத்தைப் பொறுத்தவரை ரொம்ப முக்கியம். நெற்றைத் தின்றுவிட்டு வந்து புழுக்கையில் விதைத்துவிட்டுப் போவது அதுதான்.

மிஷின் கணக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் தூரத்தில் இருக்கிறவர்கள் ஏமாறுவது. மொத்தமாகப் பேசாமல் மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ரேட் ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும், நம் கணக்குக்காக மணிக்கு 1,300 என்று வைத்துக்கொள்வோம். கேபினுக்குள் ஒரு சின்ன மணி மீட்டர் இருக்கிறது, என்ஜின் ஓடினால்தான் அது ஓடும். வேலை தொடங்கும்போது அதை ஒரு போட்டோ, நிறுத்தும்போது ஒரு போட்டோ. மாமாவை வேறு எதுவும் செய்யச் சொல்ல வேண்டாம், இந்த இரண்டு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். சாப்பாட்டு நேரத்தில் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன், யாராவது மீட்டரைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சாவியைத் திருப்பிவிடுவார்கள். உங்கள் இடத்துக்கு விறகு போன பிறகு தூர் பிடுங்க, குவிக்க, மட்டம் தட்ட எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள்.

புற்று. இதைப் பற்றி எஞ்சினியரிங் புத்தகத்தில் ஒன்றும் இருக்காது, ஆனால் நம் பக்கம் எந்த டிரைவரும் சும்மா போய் அதில் வாளியை வைக்க மாட்டார். கட்டாயப்படுத்தவும் கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவரை வைத்துப் பால் ஊற்றிக் கும்பிட்டு, ஒரு நாள் விட்டு எடுக்கலாம். வீட்டு எல்லைக்கு வெளியே, ஓரமாக இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி ஒரு மேடை கட்டிவிடுகிறவர்களும் உண்டு. எடுப்பதாக இருந்தால் உள்ளே பாம்பு இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு வேலை பாருங்கள். விரியன் ஒன்று தென்பட்டால் கம்பைத் தூக்காமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். புற்று என்பது கரையான் கட்டியது என்பதால் அஸ்திவாரம் போடும்போதே கரையான் மருந்து அடிப்பதை வீட்டு எஸ்டிமேட்டில் மறக்காமல் சேருங்கள், அதற்கென்று ஐ.எஸ். 6313 என்று தனித் தரநிலையே இருக்கிறது.

இரண்டு பனையையும் தொடாதீர்கள். 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். அது போக, ஒரு பனை ஆளாக எத்தனை வருஷம் ஆகும் என்று மாமாவைக் கேளுங்கள். மட்டையும் பழமும் விழுகிற வட்டத்தை விட்டு வீட்டைத் தள்ளிப் போட்டால் போதும், 22 செண்டில் இடத்துக்கா பஞ்சம்.

கிணறு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். முள் மூடிக் கிடக்கிற பழைய கிணற்றின் கைப்பிடிச் சுவர் எங்கே இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது, ஜேசிபி ஏழு டன்னுக்கு மேல் எடை. கிணற்றைச் சுற்றிப் பத்தடிக்குக் கயிறு கட்டி, அதற்குள் ஆள் வேலை மட்டும்தான், மிஷின் கூடாது. குப்பையைக் கொட்டி மூடவும் கூடாது. 2003லிருந்து நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதற்குப் புதிதாகக் குழி வெட்டிக் காசு செலவழிப்பதைவிட மாடித் தண்ணீரைச் சரளையும் மணலும் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக இந்தக் கிணற்றுக்குள் விடுங்கள். சுவரைச் சரிசெய்து மேலே இரும்புக் கிராதி போட 15,000 ஒதுக்குங்கள், சின்னப் பிள்ளைகள் வருகிற இடம். செப்டிக் டேங்கை இதிலிருந்து குறைந்தது ஐம்பதடி தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

இடிந்த சுவரை ஜேசிபியால் தள்ளிவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் தள்ள மாட்டேன். அந்தக் காலத்து நம் பக்கத்துச் சுவர் என்றால் அடியில் செம்புறாங்கல் (துளைத்துளையான சிவப்புக் கல்), மேலே செங்கல், நடுவில் சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பு என்பதால் சிமெண்டு மாதிரி கல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம் பிடிக்காது, கடப்பாரையால் நெம்பினால் கல் முழுசாகவே கழன்று வரும். நாலு ஆள், இரண்டு நாள். வருகிற செம்புறாங்கல் உங்கள் காம்பவுண்டு சுவருக்குக் கீழ்வரிசை போட உதவும், உடைந்த செங்கல் வண்டி போகும் பாதைக்கு ஆகும். மண்ணுக்குள் நிலைக்கால், உத்தரம், தூண் துண்டு, பழைய தாழ்ப்பாள் ஏதாவது கிடைத்தால் விறகுக்காரர் கண்ணில் படுவதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. விற்பதும் விற்காததும் உங்கள் இஷ்டம், என்னைக் கேட்டால் ஒரு நிலையையாவது புது வீட்டில் எங்காவது வைப்பேன். ஒன்று மட்டும், அந்தச் சுவர் பங்காளிகளோடு பொதுச் சுவராக இருந்தால் இடிப்பதற்கு முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இருபது வருஷம் எட்டிப் பார்க்காதவர்கள் முதல் கல் விழுந்த சத்தத்துக்கு வந்து நிற்பார்கள்.

வடக்கு வாய்க்காலை மூடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் சரி, மூடாதீர்கள். செட்டிநாட்டில் பழைய ஊர்கள் எல்லாமே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துப் போட்டவை. வீட்டு முற்றத்தில் விழுகிற மழையிலிருந்து தெருவில் ஓடுகிற மழை வரை வாய்க்காலில் சேர்ந்து ஊரணிக்கும் கண்மாய்க்கும் போகும். உங்கள் ஓரத்தில் இருப்பது அப்படித் தண்ணீர் கொண்டுபோகும் ஒரு வரத்துக்காலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பத்து மாதம் காய்ந்துதான் கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில் ஒரே ராத்திரி மழையில் அது யார் என்று காட்டும். புலப்படத்தில் அது புறம்போக்காகக் குறித்திருந்தால் அதை மூடுவது ஆக்கிரமிப்பு. உங்கள் பட்டாவுக்குள்ளேயே வந்தாலும் மூடினால் தண்ணீர் உங்கள் வீட்டையோ பக்கத்து வீட்டையோதான் தேடும். தூர் வாரிவிடுங்கள், இரண்டு மணி நேர மிஷின் வேலை, மேலே சொன்ன 12 மணிக்குள்ளேயே அடக்கம்.

இப்போது பெரிய செலவுக்கு வருகிறேன். சுத்தம் செய்கிற காசு இல்லை அது, மண் அடிக்கிற காசு.

22 செண்டு என்பது 9,583 சதுர அடி. அதை முழுக்க இரண்டடி உயர்த்த 19,166 கன அடி, அதாவது சுமார் 192 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). லாரியில் வருவது உதிரி மண், இடித்தால் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும், ஆகவே 240 யூனிட் வாங்க வேண்டும். 3 யூனிட் லாரி என்றால் 80 லோடு. கிராவல் மண் லோடு 4,500 என்று ஒரு கணக்குக்கு வைத்தால் 3,60,000. எதற்கு? கறிவேப்பிலையும் வாழையும் நிற்கப்போகிற இடத்தை எதற்கு உயர்த்த வேண்டும்? வீடு நீளம் 45, அகலம் 30 என்றால், சுற்றி ஐந்தடி சேர்த்து 55க்கு 40, மொத்தம் 2,200 சதுர அடி. அதற்கு இரண்டடி என்றால் 44 யூனிட், அமுங்குவதைச் சேர்த்து 55 யூனிட், 19 லோடு. ரோட்டிலிருந்து வீடு வரை 25 அடிக்கு 12 அடி அகலப் பாதை, அதற்கு 3 லோடு. ஆக 22 லோடில், 99,000 ரூபாயில் வேலை முடிந்தது. மிச்ச இடம் பள்ளமாகவே இருக்கட்டும், மழைத்தண்ணீர் நின்று கிணற்றுக்கு ஊறட்டும். நம் ஊர் பழைய வீடுகளைப் பாருங்கள், படி ஏறித்தான் திண்ணைக்கே போக வேண்டும், அவர்கள் உயர்த்தியது வீட்டை.

அந்த 19 லோடையும் இப்போதே அடித்துவிடாதீர்கள். நிறையப் பேர் செய்கிற தப்பு இது. அடித்த மண் மேல் அஸ்திவாரம் நிற்கக் கூடாது, அசல் தரை வரை வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிப் போயே ஆக வேண்டும். முதலில் மண் அடித்துவிட்டால், காசு கொடுத்துக் கொட்டிய மண்ணைக் காசு கொடுத்துத் தோண்டி எடுப்பதுதான் நடக்கும். இப்போது பாதைக்கு 3 லோடு மட்டும், செங்கல் லாரி உள்ளே வர வேண்டும் என்பதற்காக. அஸ்திவாரம் போட்டு பேஸ்மட்டச் சுவர் (வீட்டின் தரைமட்டம் வரை வரும் அடிச்சுவர்) எழுந்த பிறகு, உள்ளேயும் சுற்றியும் அரையடி அரையடியாகப் பரப்பித் தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையோ பிளேட் காம்பாக்டரோ வைத்து இடித்துக்கொண்டே வர வேண்டும். வானம் தோண்டின மண்ணும் அப்போது திரும்ப உள்ளேயே போய்விடும், ஒன்றிரண்டு லோடு குறையும். பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் மண்ணை வீடு கட்டுகிறவரும் தன் எஸ்டிமேட்டில் எழுதியிருப்பார், அதே மண்ணுக்கு இரண்டு இடத்தில் காசு கொடுத்துவிடாதீர்கள். வீட்டு மட்டத்தை ரோட்டின் நடு முதுகிலிருந்து எடுங்கள், ஓரத்திலிருந்து இல்லை. அதற்கு மேல் இரண்டு, இரண்டரை அடியாவது பேஸ்மட்டம் ஏறட்டும், ரோடு ஒவ்வொரு தடவை போடும்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். கிராவல் லாரிக்காரரிடம் நடைச்சீட்டு (மண் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லாத மண் மலிவாக வரும், பிரச்னையும் கூடவே வரும்.

மிஷின் வந்த அன்றைக்கே இன்னொரு காரியம். வீடு வரப்போகிற இடத்தின் மூன்று மூலையில், சுவர்க் கோட்டுக்கு இரண்டு மூன்றடி வெளியே தள்ளி, ஏழெட்டடி ஆழத்துக்கு ஒவ்வொரு குழி. தூண் வரும் இடத்திலேயே போடக் கூடாது, தோண்டி மூடிய மண் பழைய மாதிரி இறுகாது. நம் பகுதியில் மேலே செம்புறைப் பாறை இரும்பு மாதிரி இருக்கும், கடப்பாரை பட்டால் பொறி பறக்கும். அதைப் பார்த்துவிட்டு "பாறை சார், ஒண்ணும் பயமில்லை" என்பார்கள். அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளும் வெளுப்பும் திட்டுத் திட்டாகக் களி வரும், இன்னும் கீழே போனால் வெள்ளைக் களியே வரும். பாறை நல்ல கனத்தில் இருந்தால் அதன் மேலேயே அஸ்திவாரத்தை உட்கார வைக்கலாம், தெரியாமல் பிரேக்கர் வைத்து உடைத்துக் கீழே களியில் கொண்டுபோய் உட்கார வைத்தவர்களும் இருக்கிறார்கள், இரண்டு செலவு, ஒரு நஷ்டம். பாறை எத்தனை அடி கனம் என்பதைக் குழிதான் சொல்லும். மண் பரிசோதனையும் சேர்த்து 12,000 வையுங்கள்.

கூட்டிப் பார்ப்போம். ஜேசிபி 12 மணி நேரம் 15,600, டிரைவர் பேட்டா இரண்டு நாளுக்கு 1,000. கிணற்றோரமும் சுவரோரமும் கைவேலைக்கு இரண்டு ஆள் மூன்று நாள், ஆள் கூலி 900 என்றால் 5,400. சுவர் பிரிக்க 7,200. கோடைமழைக்குப் பிறகு முளைக்கிற கன்றுகளைப் பிடுங்க இரண்டாவது சுத்தம் 3,500. இதுவரைக்கும் 32,700, உண்மையில் 'சுத்தம் செய்வது' என்பது இவ்வளவுதான். கிணறு 15,000, குழியும் பரிசோதனையும் 12,000, பாதைக்கு மண் 13,500 சேர்த்தால் இப்போது கையில் வேண்டியது 73,200. அஸ்திவாரத்துக்குப் பிறகு 19 லோடு மண் 85,500, பரப்பி இடிக்க 11,200. மொத்தம் 1,69,900. அளவைக் கட்டணம், எதிர்பாராதது எல்லாவற்றுக்கும் முப்பதாயிரம் சேர்த்து இரண்டு லட்சம் என்று தனியாக ஒதுக்குங்கள். என் ரேட்டுகளை அடித்துவிட்டு உங்கள் ஊரில் கேட்ட ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், அளவுகள் மாறாது. போர்வெல், தற்காலிகக் கரண்டு இணைப்பு, சிமெண்டு வைக்கக் கொட்டகை இதில் இல்லை, அவை வீட்டுக் கணக்கு.

இந்த இரண்டு லட்சமும் உங்கள் கைக்காசாக இருக்க வேண்டும். பேங்க் பெரும்பாலும் அஸ்திவார வேலையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முதல் தவணையை விடும், முள் வெட்டினதற்கு யாரும் கடன் தர மாட்டார்கள். இதை 38 லட்சத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டை 36 லட்சத்துக்குத் திட்டமிடுங்கள். கடைசியில் டைல்ஸ் கடையில் நின்றுகொண்டு குறைப்பதைவிட இப்போது குறைப்பது சுலபம்.

மாசி பிறந்துவிட்டது. நெற்று பழுத்து உதிர்வதற்குள் விறகு வெட்டிவிடட்டும், பங்குனியில் மிஷின், கோடைமழைக்குப் பின் இரண்டாவது சுத்தம், வைகாசியில் பூஜை போட்டால் ஆடிக்கு முன் அஸ்திவாரம் வெளியே வந்துவிடும். அனுமதி வரவில்லை என்றால் பூஜையைப் போட்டுவிட்டு வேலையை நிறுத்தி வையுங்கள், அவசரப்பட்டு வானம் தோண்டிவிட்டு மழைக்குத் திறந்து போடாதீர்கள்.

மாமாவிடம் "உங்க ஆளு அதிகமா சொல்றாரு" என்று ஆரம்பித்தால் கதை கந்தல். "மாமா, பேங்க்ல கேக்குறாங்க, என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை லோடுன்னு தனித்தனியா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லுங்கள். பேங்க் இதைக் கேட்காதுதான், ஆனால் அவருக்கு அந்தக் கான்ட்ராக்டர் முகத்தில் விழிக்க அது வசதியாக இருக்கும். எழுதிக் கொடுத்தால் அதே ஆளிடமே மணிக்கணக்கில் வேலையைக் கொடுக்கலாம், எனக்கு அவர் மேல் ஒரு விரோதமும் இல்லை. எழுத மறுத்தால் வேறு மிஷின்காரர் காரைக்குடியில் கிடைப்பார்.

அப்புறம், குழி தோண்டின அன்று அளவு டேப்பை மேலிருந்து உள்ளே தொங்கவிட்டு மூன்று குழியையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். யாரும் குழிக்குள் இறங்க வேண்டாம், அன்று சாயங்காலமே மூடிவிட வேண்டும். தோண்டின ஈரம் காய்வதற்குள் எடுக்கச் சொல்லுங்கள், காய்ந்துவிட்டால் எல்லா மண்ணும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.